பேய் எத்தனை மணிக்கு வரும்? கல்லடியில் ஒரு ஹலோவீன் இரவுக்கான கையேடு

"பெரியம்மா, பேய் எத்தனை மணிக்கு வரும்?"

போன வருடம் ஒக்டோபர் 31ஆம் திகதி பின்னேரம் தங்கையின் சின்னவன் கேட்ட கேள்வி. ரொறன்ரோவில் இருக்கும் மச்சாளின் பிள்ளைகள் எலும்புக்கூடு வரைந்த உடுப்பைப் போட்டு வட்ஸ்அப்பில் படம் அனுப்பியிருந்தார்கள். அதைப் பார்த்ததும் இவனுக்கும் இவன் அக்காவுக்கும் ஆசை வந்துவிட்டது. மட்டக்களப்பில் எங்கள் கல்லடியில் இருட்டியபிறகு வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டினால் டொபி வருவதற்கு முன் நாய் வரும். ஆகவே எங்கள் வீட்டில் ஹலோவீன் என்பது ஒரு போன், ஒரு ஸ்பீக்கர், ஓர் இருட்டு அறை.

நான் பள்ளிக்கூடத்தில் தகவல் தொழில்நுட்பம் படிப்பிக்கிறவள். அதனால் வீட்டில் இன்டர்நெட் சம்பந்தப்பட்ட எல்லாப் பாவமும் என் தலையில்தான் விழும். இந்த இரவையும் என்னிடமே தந்துவிட்டார்கள். மூன்று வருடம் நடத்தியாயிற்று. முதல் வருடம் படுதோல்வி. டிவியில் பேய் வீடியோக்களை வரிசையாகப் போட்டேன். பிள்ளைகள் கச்சான் கொறித்துக்கொண்டு சிரித்தார்கள். பெத்தா, எங்கள் பாட்டி, நித்திரையாகிவிட்டா. அப்போது மழை பிடித்து கரண்ட் போனது. டிவி செத்தது, போனில் நான் எடுத்துவைத்திருந்த ஒரு சத்தம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. வெளியே தவளை, உள்ளே அந்த முனகல். சின்னவன் ஒரு சொல்லும் பேசாமல் வந்து என் மடியில் ஏறினான். பயம் காதால்தான் வருகிறது என்று அன்றைக்கு விளங்கியது. இந்தக் கையேட்டில் படங்களைவிடச் சத்தங்கள் அதிகமாக இருப்பது அதனால்தான்.

சரி, பேய் வரும் நேரம். ஹலோவீன் என்பது நவம்பர் 1ஆம் திகதி வரும் சகல புனிதர் திருநாளுக்கு முந்திய இரவு. அடுத்தநாள், 2ஆம் திகதி, கல்லறைகளில் மெழுகுதிரி ஏற்றுவதை நம் ஊர்க் கத்தோலிக்கர்கள் வீட்டில் பார்த்திருப்பீர்கள், அதே வரிசைதான். நமக்கு 31ஆம் திகதி இரவு எட்டு மணி என்றால் லண்டனில் பிற்பகல் இரண்டரை, ரொறன்ரோவிலும் நியூயோர்க்கிலும் காலை பத்தரை. மச்சாளின் பிள்ளைகள் ஆறு மணிக்குத் தெருவில் இறங்கும்போது நமக்கு விடியற்காலை மூன்றரை. ஆகவே இரவு "நேரலை" என்று வரும் அமெரிக்க நிகழ்ச்சிகளுக்காகக் காத்திருக்க வேண்டாம். இரவுக்கு, முன்பே இறக்கி வைத்தவை. நேரலை, அடுத்தநாள் காலை. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

இறக்கி வைப்பது முக்கியம். ஒக்டோபர் கடைசி என்றால் மாரி தொடங்குகிற காலம். கரண்டும் போகும், சிக்னலும் போகும். ஒரு மணிநேர ஒலிப்பதிவு பத்து நிமிஷ எச்டி வீடியோவைவிடக் குறைவான டேட்டாவே தின்னும், அதனால் ஏழைக்கும் ஏற்ற பேய் இது. போனையும் ஸ்பீக்கரையும் மத்தியானமே சார்ஜ் போடுங்கள். வெளிச்சத்துக்கு, தேங்காய்ச் சிரட்டையில் கண்ணும் வாயும் குடைந்து உள்ளே ஒரு மெழுகுதிரித் துண்டு. பூசணிக்காய் வேண்டும் என்று பிள்ளைகள் அடம்பிடித்தால், அயர்லாந்தில் இந்தப் பழக்கத்துக்கு முதலில் கிழங்கைத்தான் குடைந்தார்கள், பூசணி அமெரிக்கா போனபிறகு வந்தது என்று சொல்லிவிடலாம். மெழுகுதிரியைத் திரைச்சீலைப் பக்கம் வைக்காதீர்கள்.

இன்னொன்று, யார் அறையில் இருக்கிறார்கள் என்று பார்த்துக்கொள்ளுங்கள். எங்கள் தெருவில் திடீர் வெடிச்சத்தத்துக்கு இன்னும் எழுந்து நிற்கிறவர்கள் இருக்கிறார்கள். கடல் இரைச்சல் கொஞ்சம் கூடினால் வாசலுக்கு வந்து பார்க்கிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு இது விளையாட்டு இல்லை. சைரன், துப்பாக்கி, அலை ஆகிய மூன்றையும் எங்கள் வீட்டுப் பட்டியலில் சேர்ப்பதில்லை. அதேபோல, அமைதியாக ஓடிக்கொண்டிருந்து திடீரென்று ஒரு முகம் பாய்ந்து கத்தும் வீடியோக்களும் இல்லை. அது அதிர்ச்சி மட்டும்தான். பின்னால் தலையில் தட்டினாலும் அதே பலன் கிடைக்கும்.

முதலில் காது

விளக்கை அணையுங்கள். கண்ணை மூடச் சொல்லுங்கள். எது என்று முன்கூட்டிச் சொல்லாதீர்கள், கேட்டு முடித்தபிறகு "என்ன நினைச்சீங்க?" என்று ஒவ்வொருவரிடமும் கேளுங்கள். அவர்கள் சொல்வதுதான் பாதி விருந்து.

நான் தொடங்குவது கருந்துளையோடு. பெர்சியஸ் என்ற விண்மீன் கூட்டக் கொத்தில் உள்ள கருந்துளை, தன்னைச் சுற்றியுள்ள சூடான வாயுவில் அழுத்த அலைகளை எழுப்புகிறது. 2003இல் அதைக் கண்டுபிடித்தார்கள். நம் காதுக்கு எட்டாத ஆழமான சுருதி அது. அதை 57, 58 ஸ்தாயி (ஒக்டேவ்) மேலே தூக்கி, கேட்கும்படியாக நாசா 2022இல் வெளியிட்டது. யூடியூபில் நாசாவின் பக்கத்திலேயே இருக்கிறது. அரை நிமிஷச் சத்தம்தான். முதல் வருடம் கரண்ட் போனபோது ஓடிக்கொண்டிருந்தது இதுதான். பெத்தா கேட்டுவிட்டு, "பசிச்ச பேய் மனே இது" என்றா. கருந்துளைக்கு அதைவிடச் சரியான விளக்கத்தை நான் வகுப்பில் சொன்னதில்லை.

அடுத்து, புளூப். 1997இல் அமெரிக்கக் கடல் ஆய்வு நிறுவனமான நோவா, தென் பசிபிக்கில் நீருக்கடியில் வைத்த ஒலிவாங்கிகளில் பதிவு செய்த சத்தம். ஐயாயிரம் கிலோமீற்றருக்கு அப்பாலுள்ள கருவிகளிலும் விழுந்தது. அவ்வளவு சத்தம் போடக்கூடிய மிருகம் எது என்று உலகமே பல வருடம் கதை கட்டியது. கடைசியில் பனிப்பாறை வெடிக்கும் சத்தம் என்று நோவாவே சொன்னது. நாம் கேட்பது 16 மடங்கு வேகப்படுத்திய வடிவம். பிள்ளைகளிடம் பனியை முதலில் சொல்லிவிடாதீர்கள். மிருகத்தை ஒரு பத்து நிமிஷம் உயிரோடு விடுங்கள். சின்னவன் அதற்கு எட்டுக் கால் வைத்தான், மூத்தவள் கால் எல்லாம் வேண்டாம், வாய் மட்டும் போதும் என்றாள். அவள் சொன்னதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

மூன்றாவது, என் அப்பாவுக்காகச் சேர்த்தது. நெதர்லாந்தில் ட்வென்டே பல்கலைக்கழகம் ஒரு சிற்றலை வானொலி வாங்கியை இன்டர்நெட்டில் திறந்து வைத்திருக்கிறது. வெப்எஸ்டிஆர் என்று தேடினால் வரும். காசு இல்லை, பதிவு செய்யவும் தேவையில்லை. அதில் 4625 கிலோஹேர்ட்ஸ் என்று எண்ணைத் தட்டுங்கள். ஒரு ரீங்காரம் கேட்கும், நிமிஷத்துக்கு ஏறக்குறைய 25 தடவை, நாள் முழுக்க, வருடக்கணக்காக. ரஷ்யாவிலிருந்து வரும் ஒலிபரப்பு அது. ஏன் என்று அவர்கள் சொன்னதில்லை. எப்போதாவது ஒரு குரல் குறுக்கிட்டு ரஷ்ய மொழியில் பெயர்களும் எண்களும் சொல்லிவிட்டுப் போகும். நம் நேரம் இரவு பத்துக்குப் பிறகு முயலுங்கள். அப்போதுதான் நெதர்லாந்தில் இருட்டும், இருட்டில்தான் இந்த அலைவரிசை தூரத்திலிருந்து நன்றாக வரும்.

அப்பா அந்தச் சத்தத்தைக் கேட்டதும் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு கிட்ட வந்தார். போர்க்காலத்தில் பிபிசி தமிழோசை பிடிக்க வானொலி முள்ளை மயிரிழையாகத் திருப்பியவர் அவர். "நிலையத்துக்கும் நிலையத்துக்கும் நடுவில் இப்படித்தான் ஏதாவது கிடந்து முனகும், கரண்ட் இல்லாத இரவில் அதைக் கேட்டுக்கொண்டு கிடப்போம்" என்றார். பிள்ளைகள் போனை விட்டுவிட்டு அப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். உங்கள் வீட்டிலும் சிற்றலை கேட்ட ஒரு ஆள் இருந்தால், இந்த இடத்தில் இன்டர்நெட்டை நிறுத்திவிட்டு அவரைப் பேசவிடுங்கள்.

நான்காவது, பெரியவர்களும் வளர்ந்த பிள்ளைகளும் கேட்கவேண்டியது. 1938 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு, அமெரிக்காவின் சிபிஎஸ் வானொலியில் ஓர்சன் வெல்ஸ் நடத்திய நாடகம், செவ்வாய்க் கிரகத்தார் நியூ ஜேர்சியில் வந்து இறங்கும் கதை. இன்டர்நெட் ஆர்கைவ் என்ற தளத்தில் இலவசமாக இறக்கலாம். அதன் கெட்டித்தனம் என்னவென்றால், நாடகம் போலவே இருக்காது. நடன இசை போய்க்கொண்டிருக்கும், நடுவில் செய்தி அறிவித்தல் வரும், திரும்ப இசை. செய்தியாளர் சம்பவ இடத்திலிருந்து பேசிக்கொண்டிருக்கும்போதே குரல் அறுந்துவிடும். சில விநாடி ஒன்றுமே இல்லை. அந்த ஒன்றுமில்லாத விநாடிகளுக்காகவே கேளுங்கள். ஆங்கிலம் என்பதால் நான் ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை நிறுத்தித் தமிழில் சொல்வேன். குரல் அறுந்த இடத்துக்குக் கொஞ்சம் பிறகு முழுதாக நிறுத்திவிடுவேன், அதன் பிறகு வருவது சண்டைச் சத்தம்.

அடுத்தநாள் பத்திரிகைகள் நாடே தெருவுக்கு ஓடியது என்று எழுதின. அது ஊதிப் பெருக்கிய கதை, பயந்தவர்கள் அவ்வளவு பேர் இல்லை என்று பின்னால் ஆராய்ந்தவர்கள் சொல்கிறார்கள். மூத்தவள் "வானொலியை நம்பினாங்களா? மடையன்கள்" என்றாள். 2011இல் உடம்பில் கிரீஸ் பூசிய மர்ம ஆட்கள் இரவில் வருகிறார்கள், கிரீஸ் பூதம் என்று எங்கள் மட்டக்களப்பு, அம்பாறை ஊர்கள் முழுக்கக் கம்பும் தடியுமாக நித்திரை முழித்துக் கிடந்ததை அவளுக்குச் சொன்னேன். அவள் அப்போது தொட்டிலில். நான் உலக்கையைக் கதவுக்கு முட்டுக் கொடுத்துவிட்டுப் படுத்தேன். அப்புறம் அவள் அமெரிக்கர்களைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

ஒரு எச்சரிக்கை. "19 ஹேர்ட்ஸ் பயச் சத்தம், ஹெட்போனில் கேளுங்கள், பேய் தெரியும்" என்று யூடியூபில் நிறையக் கிடக்கிறது. அதன் பின்னால் ஓர் உண்மைக் கதை உண்டு. விக் டான்டி என்ற ஆங்கிலேயப் பொறியியலாளர் தான் வேலைசெய்த ஆய்வுகூடத்தில் கடைக்கண்ணில் சாம்பல் நிற உருவம் ஒன்றைக் கண்டார். தேடிப் பார்த்தால், புதிதாகப் பூட்டிய காற்றாடி ஏறத்தாழ 19 ஹேர்ட்ஸில் அதிர்ந்துகொண்டிருந்தது. அதை மாற்றியதும் உருவம் போய்விட்டது. 1998இல் அதைக் கட்டுரையாக எழுதினார். ஆனால் உங்கள் போன் ஸ்பீக்கரால் அவ்வளவு ஆழமான அதிர்வை எழுப்பவே முடியாது. அந்த வீடியோக்களில் கேட்பது வேறு ஏதோ. டேட்டா வீண்.

பிறகு கை

ஒரு மணிநேரம் இருட்டில் இருந்தால் பிள்ளைகளுக்குக் கை அரிக்கும். சின்னவர்களுக்குக் கூகுள் 2016 ஹலோவீனுக்குச் செய்த டூடுல் விளையாட்டைக் கொடுங்கள். ஆங்கிலத்தில் கூகுள் டூடுல் ஹலோவீன் 2016 என்று தட்டினால் கிடைக்கும். மோமோ என்ற கறுப்புப் பூனை, மந்திரப் பள்ளிக்கூடம், தலைக்கு மேல் கோடு தெரியும் பேய்கள். அந்தக் கோட்டை விரலால் கீறினால் பேய் போய்விடும். மோமோ என்ற பெயரைக் கேட்டதும் பதறாதீர்கள். பெற்றோர் குழுக்களில் சில வருடங்களுக்கு முன் சுற்றிய "மோமோ சவால்" வேறு, அதுவும் வெறும் வதந்திதான்.

வளர்ந்த பிள்ளைகளுக்குப் பேய்ப் படம் எடுக்கப் பழக்குங்கள். முதலில் வில்லியம் ஹோப் எடுத்த "ஆவிப் படங்களை" காட்டுங்கள். நூறு வருடத்துக்கு முன் இங்கிலாந்தில் இருந்த படப்பிடிப்பாளர். பிள்ளையை இழந்த தாய்மார், கணவனை இழந்த பெண்கள் இவரிடம் போய் உட்காருவார்கள். படத்தைக் கழுவினால் தோளுக்கு மேலே ஒரு மங்கலான முகம் இருக்கும். ஒரே கண்ணாடித் தட்டில் இரண்டு தடவை படமெடுக்கும் வித்தை. 1922இல் ஹரி பிரைஸ் என்பவர் கையும் களவுமாகப் பிடித்தார். அந்தப் படங்களின் ஆல்பம் ஒன்றைப் பிரித்தானிய அருங்காட்சியகம் ஒன்று பிளிக்கர் கொமன்ஸ் என்ற படத் தளத்தில் போட்டிருக்கிறது. உட்கார்ந்திருப்பவர்களின் முகத்தைப் பாருங்கள். பேயைவிட அவர்கள்தான் மனதில் நிற்பார்கள்.

இனி உங்கள் படம். போன் கமராவில் "புரோ" என்ற பகுதி இருக்கிறதா பாருங்கள். ஐஎஸ்ஓவை 100க்கு இறக்குங்கள். ஷட்டரை எட்டு அல்லது பத்து விநாடிக்கு வையுங்கள். போன் அசையவே கூடாது. நான் அரிசி அளக்கும் சுண்டில் சாத்தி, பின்னால் ஒரு புத்தகம் வைப்பேன். விரல் படும் அசைவுகூட உதவாது என்பதால் மூன்று விநாடி டைமர் போடுங்கள். அறையில் தூரத்தில் ஒரு சின்ன விளக்கு மட்டும். ஓர் ஆள் கதிரையில் சிலை போல் இருக்கவேண்டும். பேய், வெள்ளைச் சாரத்தையோ சீலையையோ போர்த்துக்கொண்டு நாலு விநாடி அசையாமல் நின்றுவிட்டு, பக்கத்தால் நழுவிப் போகவேண்டும். அரை நேரம்தான் நின்றதால் அதனூடாகச் சுவர் தெரியும். படம் வெள்ளையடித்தால் விளக்கை இன்னும் தூரப் போடுங்கள். பேய் கூடத் தெளிவாக விழுந்தால் இரண்டு விநாடியில் ஓடச் சொல்லுங்கள். முதல் ஐந்து படம் பிழைக்கும். ஆறாவதைப் பார்த்து நானே எச்சில் விழுங்கினேன், சீலைக்குள் இருந்தது சின்னவன் என்று தெரிந்தும்.

புரோ பகுதி இல்லாத போன் என்றால் பனோரமா. இடப்பக்கம் ஒருவனை நிறுத்தி மெதுவாகப் போனைத் திருப்புங்கள். அவனைக் கடந்ததும் அவன் உங்கள் முதுகுக்குப் பின்னால் ஓடி வலப்பக்கம் வந்து நிற்கட்டும். ஒரே படத்தில் இரண்டு பேர். அதை ரொறன்ரோவுக்கு அனுப்பினோம். "மட்டக்களப்பு என்றால் மந்திரம் போட்டுப் பாயோடு ஒட்ட வைக்கிற ஊர் என்று அம்மா சொன்னவ, உண்மையா?" என்று பதில் வந்தது. நாங்கள் மறுக்கவில்லை.

பேய் கண்டுபிடிக்கும் ஆப்களைப் போடாதீர்கள். போனுக்குள் திசைகாட்டிக்காக இருக்கும் காந்த உணரியைக் காட்டித்தான் முள்ளை ஆட்டுகிறார்கள். சின்னவன் ஒன்றைப் போட்டான். எங்கள் வீட்டுப் பேய் குளிர்சாதனப் பெட்டிக்குப் பின்னால் இருப்பதாகச் சொன்னது. அதோடு தொடர்பு எண்களைப் பார்க்க அனுமதியும் கேட்டது. பேய்க்கு எதற்கு என் தொடர்பு எண்கள்?

படம் பார்த்தே ஆகவேண்டும் என்கிறவர்களுக்கு, பழைய ஊமைப் படங்கள். பெத்தாவுக்கும் மொழிப் பிரச்சினை இல்லை. 1896இல் பிரான்சில் ஜோர்ஜ் மெலியெஸ் எடுத்த பேய்மாளிகைப் படம் மூன்று நிமிஷம்தான். 1922இல் ஜெர்மனியில் வந்த நொஸ்பெராட்டு, உரிமை வாங்காமல் எடுத்ததற்காக எல்லாப் பிரதிகளையும் அழிக்கச் சொல்லி நீதிமன்றம் தீர்ப்புக் கொடுத்தும் பிழைத்துக்கொண்ட படம். அதில் மாடிப்படி ஏறும் நிழல் ஒன்று வரும், அதுவரையாவது பாருங்கள். இரண்டும் இன்டர்நெட் ஆர்கைவில் உண்டு. தமிழில் "உண்மைச் சம்பவம்" என்று சிவப்பு வட்டம் போட்டு வரும் யூடியூப் கதைகளைப் பற்றி என் அபிப்பிராயத்தை எழுதினால் இடம் போதாது.

பயம் பிடிக்காத, ஆனால் விநோதம் பிடித்த பிள்ளை ஒன்று எல்லா வீட்டிலும் இருக்கும். அதற்கு வொய்னிச் கையெழுத்துப் பிரதி. யேல் பல்கலைக்கழக நூலகம் பக்கம் பக்கமாக இன்டர்நெட்டில் வைத்திருக்கிறது. தோல் தாள்கள் 1404க்கும் 1438க்கும் இடைப்பட்டவை என்று கணித்திருக்கிறார்கள். உலகில் இல்லாத செடிகள், யாராலும் வாசிக்க முடியாத எழுத்து. மூத்தவள் ஒரு மணிநேரம் அதிலேயே இருந்தாள்.

கடைசியில் நம் வாவி

இவ்வளவும் கேட்டபிறகுதான் பாடும் மீனை, நம் மட்டக்களப்பு வாவியின் அடியிலிருந்து இரவில் வரும் சத்தத்தை, எடுப்பேன். கல்லடிப் பாலத்தடியில் வளர்ந்த பிள்ளைகளுக்கு அது பள்ளிக்கூடச் சின்னத்திலும் பேருந்திலும் பார்த்துப் பழகிய பொம்மை. அதன் சத்தத்தைக் கேட்டதில்லை. 1954இல் லாங் என்ற யேசுசபைப் பாதிரியார் இந்தச் சத்தத்தைப் பதிவுசெய்து, அது இலங்கை வானொலியில் ஒலிபரப்பானது. இன்று யூடியூபில் மட்டக்களப்புப் பாடும் மீன் என்று தேடினால் பலர் போட்ட பதிவுகள் வரும். இசை சேர்த்தவற்றைத் தள்ளுங்கள். வெறும் தண்ணீரும் அந்தக் கரகரப்பும் உள்ளதை எடுங்கள்.

கூடவே, குட்டன்பேர்க் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும் எமர்சன் டெனன்டின் புத்தகத்தில் இந்தப் பகுதியை வாசியுங்கள். ஆங்கிலேயர் ஆட்சியில் இலங்கையின் குடியேற்ற நாட்டுச் செயலாளராக இருந்தவர். 1848இல் இரவில் தோணியில் நம் வாவிக்குள் போய்க் கேட்டிருக்கிறார். ஈர விரலால் கண்ணாடிக் கிண்ணத்தின் விளிம்பைத் தேய்த்தால் வரும் ஒலி போல, ஒன்றல்ல, பல சின்ன ஒலிகள், ஒவ்வொன்றும் தனித்தனியாக என்று எழுதுகிறார். தோணியின் மரத்தில் காதை வைத்தால் இன்னும் பலமாம். நம் மீனவர்கள் அவரிடம் அது மீன் இல்லை, ஊரி என்ற நத்தை இனம் என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். அழுகிற ஊரி. இன்றுவரை எது என்று முடிவாகவில்லை.

அவர்கள் சொன்ன இன்னொன்று உங்களுக்குத் தேவை: மழைவெள்ளம் வாவியில் இறங்கினால் சத்தம் நின்றுவிடும். ஆகவே ஒக்டோபர் 31ஆம் திகதி பிள்ளைகளை இழுத்துக்கொண்டு இருட்டில் தோணி ஏற வேண்டாம். அதற்கு வெயில் காலத்துப் பௌர்ணமியும், வாவி தெரிந்த ஓர் ஆளும், தண்ணீரில் விட்டுக் காதில் வைக்க ஒரு துடுப்பும் வேண்டும். ஹலோவீனுக்கு வீட்டிலேயே செய்யலாம். மெல்லிய கண்ணாடிக் கிளாஸ்கள் ஐந்தாறை எடுத்து வெவ்வேறு அளவு தண்ணீர் விடுங்கள். விரலை நனைத்து விளிம்பில் மெதுவாகச் சுற்றுங்கள். எல்லோரும் ஒரே நேரத்தில். போனில் பதிந்து, அரை வேகத்தில் ஓடவிடுங்கள். பெத்தா படுக்கையிலிருந்து "ஆர் அது வாவிக்குள்ள?" என்று கேட்டா.

காலையில், சொன்ன நேரலை. அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் எவன்ஸ்வில் என்ற ஊரில் வில்லார்ட் நூலகம் இருக்கிறது. சாம்பல் உடுப்புப் பெண் ஒருத்தியை 1937இல் அங்கே நூலகப் பணியாளர் ஒருவர் கண்டதாகக் கதை. 1999 முதல் நூலகத்துக்குள் கமரா வைத்து உலகத்துக்குக் காட்டுகிறார்கள். நமக்கு நவம்பர் 1ஆம் திகதி காலை ஏழரை என்றால் அங்கே ஹலோவீன் இரவு ஒன்பது மணி. பிளேன்டீயைக் கையில் வைத்துக்கொண்டு பேய் பார்க்கலாம். படம் சில விநாடிக்கு ஒரு தடவைதான் மாறும், பொறுமை வேண்டும். சின்னவன் பல்துலக்கிக்கொண்டே பார்த்தான். மூத்தவள் ரியூசனுக்குப் புத்தகம் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"பெரியம்மா, அந்தக் கதிரை முதல்ல அங்க இருக்கல்ல."

மூவரும் குனிந்து பார்த்தோம். படம் மாறியது. கதிரை இருந்த இடத்திலேயே இருந்தது. எந்த இடம் என்பதில்தான் எங்களுக்குள் இன்னும் சண்டை.